பேணி மூடிச் சம்மனசுகள்

உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவும் எமக்கு ரஃபாயலை அறிமுகம் செய்தது ஒரு பிஸ்கற் பேணி. மூடியில் இரண்டு குழந்தைச் சம்மனசுகள். ஒன்று நாடியில் கைவைத்திருக்க, மற்றது மடித்த கைகளில் தலைசாய்த்து மேலே பார்க்கிறது. பொம்மைகள் என்றுதான் நினைத்தோம். 1512 அளவில் வரையப்பட்ட சிஸ்ரைன் மடோனாவின் அடிவிளிம்பில் இருப்பவை அவை என்பது பிறகுதான் தெரிந்தது. இத்தாலியின் பியாசென்ஸா ஆலயத்துக்கென வரைந்த படம் 1754இல் டிறெஸ்டனுக்குப் போனது, 1945இல் சோவியத் படைகள் கொண்டுபோயின, 1955இல் திரும்பியது. அந்தச் சலித்த பார்வை எமக்குப் புதிதல்ல. இலக்கச் சீட்டோடு வாங்கில் காத்திருந்த நாட்களில் எமக்கும் அதே முகந்தான்.

ஆனால் சம்மனசுகள் எப்போதும் இப்படிச் சும்மா இருந்தவையல்ல. பதுவா நகரின் சிற்றாலயச் சுவரில் 1305 அளவில் ஜொற்றோ தீட்டிய காட்சியில், இறந்த யேசுவின் மேலே வானத்தில் அவை கதறுகின்றன. ஒன்று முகத்தைப் பொத்துகிறது, இன்னொன்று கைகளை விரித்து ஓலமிடுகிறது. முந்திய பைசாந்திய மரபில் பெரும்பாலும் அரசவைக் காவலர்போல் விறைத்து நின்றவைக்கு, ஜொற்றோ எமது செத்தவீட்டுப் பெண்களின் குழறலைக் கொடுத்தார்.

அடையாளங்களிலும் ஊர் வழக்கு நுழையும். கபிரியேல் சம்மனசின் கையில் லீலி மலர் இருப்பது மரபு. சியேனா பேராலயத்துக்காக 1333இல் சிமோனே மார்ட்டினி வரைந்தபோது கையில் ஒலிவக் கிளையைக் கொடுத்து, லீலியைச் சாடிக்குள் வைத்தார். லீலி பகை நகரான புளோரன்ஸின் சின்னம், அதனால்தான் என்பார்கள். விண்ணுலகத் தூதனும் ஊர்ப்பகைக்குத் தப்பவில்லை!

ஓய்வு நாளொன்றில் ஓக்லண்ட் அருங்காட்சியகத்தில் ஒரு மரச்சிற்பத்தின் முன் நின்றோம். தாயும் பாலனும். செதுக்கியவர் 19ஆம் நூற்றாண்டின் மாவோரிச் சிற்பி பத்தோரோமு தாமத்தேயா. மரியாளின் முகம் முழுவதும் மோக்கோ என்னும் பச்சைக்கோலம். முழுமுகக் கோலம் வழமையில் ஆண்களுக்குரியது. அவள் புனிதமாக ஒதுக்கப்பட்டவள் என்று காட்டவே சிற்பி அதைக் கொடுத்தார். கோயிலுக்கென அளித்ததைச் சுவாமியார் ஏற்கவில்லை. சியேனாக்காரன் பூவை மாற்றலாம், மாவோரி முகத்தை மாற்றக்கூடாதா?

எங்கள் ஊர்க் கோயில் பீடத்திலும் இரண்டு சம்மனசுகள் ரோசா முகத்துடன் நின்றன. ஷெல்லடியில் ஒன்றின் சிறகு ஒடிந்தது. 2006இல் ஏ-9 பாதை பூட்டப்பட்டு, எமது பல்கலைக்கழகப் படிப்பும் பாதியில் நின்ற நாட்களில், ஊர்ப் பெயின்ரர் எவர் வீட்டிலோ மிஞ்சிய சீமெந்தால் சிறகை ஒட்டினார். ரோசாப் பெயின்ற் அகப்படவில்லை. கதவுக்கு வைத்திருந்த மண்ணிறத்தை முகத்துக்கும் பூசினார். எங்கள் சுவாமியார் ஒன்றும் சொல்லவில்லை.