ஹாம் ரேடியோவுக்கு லித்தியம் பேட்டரி மாத்தலாமா? இதையெல்லாம் கவனிங்க!

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் தாக்கியபோது கடலூர் மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. லால்பேட்டை போன்ற வீராணம் ஏரியோரப் பகுதிகளில் புயலோடு வெள்ள பயமும் உண்டு. செல்போன் டவர் முடங்கினால் கைகொடுப்பது ஹாம் ரேடியோ. கரன்ட் இல்லாதபோது அதற்கு உயிர் பேட்டரிதான்.

ஏன் மாற்றுகிறார்கள்?

லெட் ஆசிட் பேட்டரியை பாதிக்கு மேல் அடிக்கடி காலி செய்தால் ஆயுள் குறையும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 80 சதவீதம் வரை தாராளமாகப் பயன்படுத்தலாம். எடையும் ஏறக்குறைய பாதிதான்.

எந்த லித்தியம்?

பெரும்பாலான ரேடியோக்கள் 13.8 வோல்ட்டுக்கானவை, சுமார் 11.7 வோல்ட்டுக்குக் கீழே போனால் தடுமாறும். 3 செல் லித்தியம் அயான் பேக்கின் சராசரியே 11.1 வோல்ட். அதனால் 12.8 வோல்ட் தரும் 4 செல் அயர்ன் பாஸ்பேட் பேக்தான் பொருத்தம்.

முக்கியமான 3 விஷயம்

* பழைய சார்ஜர் வேண்டாம். 14.6 வோல்ட்டில் நிற்கும் லித்தியம் சார்ஜரே சரி.

* 100 வாட் ரேடியோ பேசும்போது 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பேக்கிலுள்ள பிஎம்எஸ் அதைத் தாங்காவிட்டால், அவசரச் செய்தியின் நடுவிலேயே இணைப்பு கட்.

* பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்க.

பழைய பேட்டரியில் ஈயமும் அமிலமும் இருப்பதால் குப்பையில் வீசாமல், பேட்டரி கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்துவிடுங்கள்.