வட்டமும் வசதிக் கட்டணமும்

ரயில் டிக்கெட், மின்கட்டணம், வருமான வரி, கல்லூரிக் கட்டணம். இணையத்தில் எதைக் கட்டப் போனாலும் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் ஒரு சின்ன வரி எட்டிப் பார்க்கும்: கன்வீனியன்ஸ் ஃபீ. வசதிக் கட்டணம். அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 'காசு கொடுக்கறதுக்கே காசு கேக்கறான் பாரு' என்று முணுமுணுத்துக்கொண்டே பொத்தானை அழுத்திவிடுகிறோம்.

இது கார்டும் கணினியும் கொண்டுவந்த புதுத் தொல்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கிடையாது. நம் முன்னோர்களும் இதைக் கட்டியிருக்கிறார்கள். அவர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் வட்டம். ஒரு வகை நாணயத்தை இன்னொரு வகையாக மாற்றும்போது பிடித்துக்கொள்ளும் கழிவுக்கு அந்தப் பெயர். வடக்கே இதையே பட்டா என்றார்கள் (நிலப் பட்டா வேறு, இது வேறு).

நாணயத்தைத் தட்டிப் பார்த்து, உரசிப் பார்த்து, 'இது இவ்வளவுதான் பெறும்' என்று சொல்வது மிகப் பழைய தொழில். சங்கப் புலவர்களில் வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் என்று ஒருவர் இருக்கிறார். வண்ணக்கன் என்றால் நாணயப் பரிசோதகர். பின்னாளில் இவர்களையே நோட்டக்காரர் என்றும் சராப் என்றும் சொன்னார்கள். இன்றைய மொழியில் பேமென்ட் கேட்வே.

பதினெட்டாம் நூற்றாண்டுச் சென்னையை எடுத்துக்கொள்வோம். கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் நட்சத்திர வராகன்தான் ராஜா. ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. புத்தகத்தில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கடைத்தெருவில் பரங்கிப்பேட்டை வராகன் புழங்கியது, ஆற்காட்டு ரூபாய் புழங்கியது. வராகனுக்கும் பணத்துக்கும் காசுக்கும் இடையிலான விகிதம் நாளுக்கு நாள் ஏறி இறங்கியது. நெல்லை விற்ற விவசாயி கையில் சேர்வது சில்லறைப் பணமும் செப்புக் காசும். கிஸ்திக் கணக்கோ வராகனில். நடுவே சராப். எல்லோரும் ஒரே வாரத்தில் கிஸ்தி கட்ட வராகனைத் தேடினால் வராகன் விலை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நிலவரி இவ்வளவு என்று சர்க்கார் சொன்ன தொகை ஒன்று, விவசாயி கையை விட்டுப் போன தொகை இன்னொன்று.

இந்தச் சிக்கல் ஆள்பவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அக்பர் காலத்து ஆட்சிமுறையைப் பதிவு செய்த அபுல் ஃபஸலின் அயினி அக்பரியில், வரிப்பணம் வாங்கும் பொக்கிஷதாரருக்கு ஒரு விதி இருக்கிறது. குடியானவரிடம் இன்ன வகை நாணயம்தான் வேண்டும் என்று கேட்கக்கூடாது. எடையும் தரமும் சரியாக இருப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். எடை குறைந்திருந்தால் அந்தக் குறைவுக்கு மட்டும் ஈடு கேட்கலாம், அவ்வளவுதான். பணத்தின் வடிவத்தை வைத்து வரிக்கு மேல் வரி போடாதே என்பது இதன் சாரம்.

விதி இருந்தது, ஆனால் நிலைக்கவில்லை. பிற்கால வங்காளத்தில் நடந்தது கிட்டத்தட்ட ஒரு மென்பொருள் கோளாறு. ரூபாயில் அரசரின் ஆட்சியாண்டு பொறிக்கப்பட்டிருக்கும். அந்த ஆண்டு அடித்தது சிக்கா ரூபாய், முழு மதிப்பு. அடுத்த ஆண்டு பிறந்ததும் அதே வெள்ளிக்குச் சுமார் 3 சதவீதம் வட்டம், அதற்கடுத்த ஆண்டு சுமார் 5 சதவீதம். அதன்பின் அதன் பெயரே மாறி சோனாட் ரூபாய் ஆகிவிடும். தேய்மானம் ஒன்றுமில்லை, தேதிதான் பழசு. பழைய ரூபாயைப் புது ரூபாயாக்கக் கமிஷன் கொடுக்க வேண்டும். முர்ஷிதாபாத் அக்கசாலையைக் கையில் வைத்திருந்த ஜகத் சேட் குடும்பம் இதில்தான் கொழித்தது.

கம்பெனி இதற்குக் கண்டுபிடித்த தீர்வைப் பார்த்தால் எந்த புரோகிராமரும் சிரிப்பார். தேதியை ஹார்ட்கோட் செய்துவிட்டார்கள். எந்த ஆண்டு அடித்தாலும் ஷா ஆலமின் 19ஆம் ஆட்சியாண்டு என்றே பொறி. 1793இல் அடித்ததும் 19தான், அரசர் இறந்து பல வருடம் கழித்து அடித்ததும் 19தான். நாணயத்துக்கு வயதாவதே நின்றுபோனது. வயதாகாத நாணயத்துக்கு ஆண்டுக் கழிவு எப்படிப் பிடிப்பது?

தெற்கே 1818இல் சென்னை மாகாணம் வராகனைக் கைவிட்டு ரூபாய்க்கு மாறியது. 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று விகிதம் வைத்தார்கள். அந்தச் சென்னை ரூபாயின் எடை 180 கிரெய்ன், அதில் தூய வெள்ளி 165. 1835இல் கம்பெனி ஆட்சிப் பகுதிகள் முழுமைக்கும் ஒரே ரூபாய் என்று சட்டம் வந்தபோது இதே அளவைத்தான் எடுத்துக்கொண்டார்கள். சராப்கள் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. ஆனால் வரி கட்ட அவர்களிடம் போயே தீரவேண்டும் என்ற நிலை மெல்லக் குறைந்தது.

அதே நூற்றாண்டின் இறுதியில் வசதிக் கட்டணத்தின் இன்னொரு மூதாதை பிறந்தது. 1880இல் மணியார்டர் வேலையைத் தபால் துறை ஏற்றது. சில ஆண்டுகளில் நாட்டின் சில பகுதிகளில் நிலவரியையும் மணியார்டரில் அனுப்பலாம் என்றானது. கமிஷன் அனுப்புபவர் தலையில். இதையும் வட்டத்தையும் ஒன்றாகப் பார்க்கக்கூடாது. கருவூலம் அங்கேயேதான் இருந்தது. நடந்துபோய்க் கட்டினால் கமிஷன் இல்லை. ஒரு நாள் கூலியும் கால்வலியும் மிச்சமாக வேண்டுமானால் கமிஷன் கொடு. அதுதான் உண்மையான வசதிக் கட்டணம்: வேண்டாம் என்று சொல்ல முடிகிற கட்டணம். வேண்டாம் என்று சொல்ல முடியாவிட்டால் அது வட்டம்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு கார்டுக்கு வருவோம்.

கார்டில் 1000 ரூபாய் தேய்த்தால் கடைக்காரருக்கு 1000 ரூபாய் போய்ச் சேராது. எம்டிஆர் எனப்படும் கழிவு போக மிச்சம்தான் போகும். கார்டு கொடுத்த வங்கி, விசா மாதிரியான வலையமைப்பு, கடைக்காரரின் வங்கி, நடுவில் உள்ள கேட்வே என்று ஆளுக்குக் கொஞ்சம். 2 சதவீதம் என்று வைத்தால் கடைக்காரருக்கு 980. அவர் அதைச் சரக்கு விலையில் ஏற்றி எல்லோரிடமும், ரொக்கம் கொடுப்பவரிடமும் சேர்த்து, வாங்கிக்கொள்வார். வரி அலுவலகத்தால் அப்படிச் செய்ய முடியாது. சட்டப்படி வரவேண்டியது 1000 என்றால் கஜானாவில் 1000 விழ வேண்டும். சரி, இந்த இருபது ரூபாய் யார் தலையில்?

அமெரிக்கா இதற்கு 1997இலேயே விடை சொல்லிவிட்டது. கார்டில் வருமான வரி வாங்கலாம், ஆனால் அதற்கான கட்டணத்தை வரித்துறை கொடுக்கக்கூடாது என்று சட்டம். ஆகவே தனியார் நிறுவனங்கள் நடுவில் நின்று, வரி கட்டுபவரிடமே கட்டணம் வாங்கிக்கொள்கின்றன. பிரிட்டனில் வேடிக்கை வேறு. 2018 ஜனவரி 13 முதல் தனிநபர் கார்டுகளுக்குக் கூடுதல் கட்டணம் வாங்கக்கூடாது என்று அரசு தடை போட்டது. அன்றிலிருந்தே பிரிட்டிஷ் வரித்துறை தனிநபர் கிரெடிட் கார்டுகளை ஏற்பதை நிறுத்திக்கொண்டது. கடைக்காரருக்குச் சொன்ன உபதேசம் தனக்கு வந்தபோது கட்டுப்படியாகவில்லை.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2012இல் டெபிட் கார்டு கழிவுக்கு உச்சவரம்பு வைத்தது: 2000 ரூபாய் வரை 0.75 சதவீதம், அதற்கு மேல் 1 சதவீதம். பணமதிப்பிழப்புக்குப் பின், மத்திய அரசுக்கு டெபிட் கார்டில் கட்டும் தொகைக்கு ஒரு வரம்பு வரை கழிவை அரசே ஏற்றது. 2020 ஜனவரி 1 முதல் ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐக்கும் எம்டிஆரே கிடையாது. இது 1835க்குச் சற்றும் குறையாத வேலை என்று நினைக்கிறேன். ஆனால் செலவு ஆவியாகிவிடவில்லை. சர்வர் ஓட வேண்டும், மோசடியைப் பிடிக்க ஆள் வேண்டும். 2022-23ஆம் ஆண்டுக்கு வங்கிகளுக்கு ஊக்கத்தொகையாக அரசு ஒப்புக்கொண்டது 2600 கோடி ரூபாய். அதாவது நம் வரிப்பணம். அதனால் என்ன? அக்கசாலையை நடத்தவும் செலவுதான். பொதுப் பணத்தை எல்லோருமாகச் சேர்ந்து சுமப்பதில் தப்பில்லை.

செலவுக்காக வந்த கட்டணம் வருமானமாக மாறுவதுதான் தப்பு. ரயில்வேயின் ஐஆர்சிடிசி 2002இல் இணைய முன்பதிவைத் தொடங்கியபோது டிக்கெட்டை அச்சடித்துக் கூரியரில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டணத்துக்கு அர்த்தம் இருந்தது. பிறகு டிக்கெட் நம் போனுக்கே வந்துவிட்டது, கட்டணம் மட்டும் போகவில்லை. 2016 நவம்பரில் ரத்து செய்தார்கள். 2019 செப்டம்பரில் ஏசி அல்லாத வகுப்புக்கு 15 ரூபாய், ஏசிக்கு 30 ரூபாய் என்று திரும்பி வந்தது. யுபிஐயில் கட்டினாலும் 10, 20 உண்டு. டிக்கெட்டை ரத்து செய்தாலும் இது திரும்பாது. 2021 அக்டோபர் 28 அன்று, இந்த வருமானத்தில் பாதியைத் தனக்குத் தர வேண்டும் என்றது ரயில்வே அமைச்சகம். மறுநாள் சந்தையில் ஐஆர்சிடிசி பங்கு ஒரு கட்டத்தில் கால் பங்குக்கு மேல் சரிந்தது. அன்றே அமைச்சகம் பின்வாங்கியது. பணம் செலுத்தும் செலவுக்கான கட்டணம் என்றால் பாதியைக் கேட்க அங்கே என்ன மிச்சம் இருந்திருக்கும்?

கவுண்டர் திறந்திருக்கும் வரை இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ரயில் நிலையக் கவுண்டரில் வரிசையில் நின்றால் அந்த 15 ரூபாய் இல்லை. ஆனால் கவுண்டர்கள் குறைகின்றன. பல விண்ணப்பங்களுக்கும் தேர்வுகளுக்கும் இணையம் தவிர வேறு வாசலே கிடையாது. ஸ்மார்ட்போன் இல்லாதவர் பிரவுசிங் சென்டர் பையனுக்கு ஒரு தொகை, திரையில் தோன்றும் கட்டணத்துக்கு ஒரு தொகை என்று இரண்டு வட்டம் கட்டுகிறார். சராப்பும் உண்டு, அக்கசாலையும் உண்டு.

அரசுக்குக் கட்டாயமாகக் கட்ட வேண்டிய எந்தத் தொகைக்கும் கூடுதல் செலவில்லாத ஒரு வழியாவது இருக்க வேண்டும். கிரெடிட் கார்டில் கட்டி ரிவார்டு பாயின்ட் சேர்க்க நினைப்பவர் அதற்கான கழிவைத் தானே கொடுக்கட்டும், அது அவர் விருப்பம். மற்றவர்களிடம் 1000 என்று நோட்டீஸ் அனுப்பினால் 1000 தான் வாங்க வேண்டும். அக்பரின் பொக்கிஷதாரருக்குச் சொன்னது இதைத்தான். அந்த வாக்கியத்தைப் புதிதாக எழுதக்கூட வேண்டாம். நாணயம் என்று இருக்கும் இடத்தில் பேமென்ட் மோட் என்று மாற்றினால் போதும்.