பெயருக்கு முன் நிற்கும் எழுத்து

இம்மலருக்காக உறுப்பினர் பட்டியலைத் தொகுத்த நண்பர் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டார்: “அம்மா, உங்கள் பெயருக்கு முன் எந்த எழுத்தைப் போடுவது?” வட்டத்தின் பழைய அழைப்பிதழ்களில் என் தந்தையின் எழுத்தும், பின்னர் வந்த கவிதைத் தொகுப்பில் என் கணவரின் எழுத்தும் அச்சாகியிருந்தன. உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. இக்கட்டுரை அவ்விடையைத் தேடியதன் விளைவு.

பெயரின் முதலெழுத்துகளைப் பிணைத்து முத்திரையாக்கும் வழக்கம் மேலைநாட்டில் உண்டு. அதனை மோனோகிராம் என்பர். செருமானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் (1471–1528) ‘ஏ’ என்னும் எழுத்தின் கால்களுக்கிடையே ‘டி’ என்னும் எழுத்தை நிறுத்தித் தம் ஓவியங்களில் பொறித்தார். ‘இது என் படைப்பு’ என்பதே அதன் பொருள். தமிழரின் முன்னெழுத்து பிறர் பெயரிலிருந்து எடுக்கப்படுவது. ‘நான் இன்னாருடைய மகன், இன்ன ஊரினன்’ என்று அது உறவைச் சொல்லும். உரிமையைக் காட்டும் முத்திரை அங்கே. உறவைக் காட்டும் முத்திரை இங்கே.

உறவைப் பெயரோடு சேர்க்கும் மரபு நம்மிடையே மிகப் பழையது. தந்தை பெயரும் மகன் பெயரும் புணருமாற்றைத் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்திலேயே பேசுகின்றது. சாத்தன் மகனாகிய கொற்றன் ‘சாத்தங்கொற்றன்’ எனப்படுவான் என்பது உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. இதற்கு எதிர்முறையும் உண்டு. ஆதன் என்பானுக்குத் தந்தை ‘ஆந்தை’ ஆவான். பிசிராந்தையார் என்னும் பெயருக்குப் பிசிர் என்னும் ஊரினராகிய ஆதன் தந்தை என்று பொருள் கூறுவர். மகனால் தந்தை அறியப்பட்ட வழக்கமும் நம்மிடம் இருந்தது என்பது கருதத்தக்கது. கரூரை அடுத்த புகழூர்த் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சேரர் மூன்று தலைமுறையினரை மகன், மகன் என்று அடுக்கிக் காட்டுகின்றது. அங்கே எவர் பெயரும் ஓர் எழுத்தாகச் சுருங்கவில்லை.

சங்கப் புலவர் பெயர்களை இந்நோக்கில் வரிசைப்படுத்தினால் எல்லா வழக்கங்களும் அங்கே கிடைக்கின்றன. நக்கீரனார், மதுரைக் கணக்காயனார் மகனார். நக்கண்ணையார், பெருங்கோழி நாய்கன் மகள். பெருங்கோப்பெண்டு, பூதப்பாண்டியன் தேவி. ஒக்கூர் மாசாத்தியாருக்கு ஊரே அடையாளம். வெண்ணிக் குயத்தியாருக்கு ஊரோடு தொழிலும் சேர்ந்தது. ஆயின் பாரி மகளிர்க்கு இயற்பெயர் என ஒன்றும் தொகைநூலில் எஞ்சவில்லை. பாட்டு நின்றது, தந்தை பெயர் நின்றது, பாடியவர் பெயர் நிற்கவில்லை.

இடைக்காலத்தில் இன்னொரு காட்சி. முதலாம் இராசராசன் (985–1014) தஞ்சைப் பெரிய கோயிலில் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. எந்த ஊரிலிருந்து, எத்தளியிலிருந்து வந்தவள் என்னும் குறிப்பும், ‘நக்கன்’ என்னும் சொல்லும், இயற்பெயரும் அங்கே வருகின்றன. நக்கன் என்பது சிவபெருமானைக் குறிக்கும் சொல். தந்தை பெயர் நிற்கும் இடத்தில் இறைவன் பெயர் நிற்கின்றது. பெற்றவர் யாவர் என்பதைக் கல்வெட்டு கூறவில்லை. ஒரு பெண்ணின் பெயர்க்கு முன் எது நிற்கிறது என்பது, அவள் யாருக்கு உரியவளாகக் கருதப்பட்டாள் என்பதைக் காட்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஓரெழுத்துச் சுருக்கம் அச்சும் பள்ளிப் பதிவேடும் அலுவலகமும் பெருகிய 19ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. ஆசிரியர் ஒருவரையும் அவர்தம் மாணாக்கரையும் அருகருகே வைத்தால் இம்மாற்றம் விளங்கும். ஆசிரியர், திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876). ஊர்ப்பெயர் முழுமையாக நிற்கின்றது. மாணாக்கர், உ.வே. சாமிநாதையர் (1855–1942), உத்தமதானபுரமும் தந்தையார் வேங்கடசுப்பையரும் ஒவ்வோர் எழுத்தாயினர். அவருக்கு வீட்டில் இட்ட பெயர் வேங்கடராமன். சாமிநாதன் என்னும் பெயரை நிலைபெறச் செய்தவர் ஆசிரியரே. ஆக, ‘உ.வே.சா.’ என்னும் மூன்றெழுத்தில் ஊர், தந்தை, ஆசிரியர் ஆகிய மூவகை உறவும் அடங்கியுள்ளன.

இச்சுருக்கத்திற்குச் சில முறைமைகள் உண்டு. தமிழ் முன்னெழுத்து உயிர்மெய்யை முழுதாகக் கொள்ளும். கந்தசாமி ‘க’, குமரன் ‘கு’, கோவிந்தன் ‘கோ’. ஆங்கிலத்திற் சென்றால் மூவரும் ‘கே’ அல்லது ‘ஜி’ என்று கலந்துவிடுவர். வ.உ.சி. ஆங்கிலத்தில் ‘வி.ஓ.சி.’ ஆனபோது, உலகநாதரின் உகரம் ஓகாரமாயிற்று. திரு.வி.க. (1883–1953) பெயரிலுள்ள ‘திரு’ மரியாதை அடை அன்று. முன்னோர் ஊராகிய திருவாரூரின் சுருக்கம். அதனைத் ‘தி’ என்று குறுக்குவதும், ‘திருவாளர்’ என்று விரிப்பதும் பிழை. மூத்தோர் பெயரைச் சொல்லக் கூசும் நம் மரபில், மு.வ., க.நா.சு., கு.ப.ரா. என எழுத்துகளால் வழங்குவது பெயர் சொல்லாமல் பெயர் சொல்லும் பணிவாகவும் ஆயிற்று.

1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்கத் தீர்மானித்தது. பெயரின் வால் உதிர்ந்தபின் ஆளை ஆளினின்று பிரித்துக் காட்டும் பொறுப்பு தலையிலுள்ள எழுத்தின்மேல் விழுந்தது. அவ்வெழுத்தையும் தமிழிலேயே எழுதுக என்று தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் ஆணையிட்டது. எந்த மொழியின் எழுத்து என்னும் வினாவிற்கு இவ்வாறு விடை கிடைத்தது. யாருடைய எழுத்து என்னும் வினா எஞ்சி நிற்கின்றது.

ஆடவர்க்கு முன்னெழுத்து பிறப்பில் அமைந்து இறுதிவரை தொடர்கின்றது. பெண்ணுக்கோ பெரும்பாலும் திருமணத்தில் மாறுகின்றது. என் முனைவர் பட்டச் சான்றிதழில் தந்தையின் எழுத்து. குடும்ப அட்டையில் கணவரின் எழுத்து. இவ்விருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தர நேர்ந்ததும் உண்டு. எனக்கு முதலில் எழுத்தறிவித்த என் தாயின் எழுத்து இவ்விரண்டிலும் இல்லை. சட்டம் மெல்ல நகர்ந்துள்ளது. கீதா அரிகரன் வழக்கில் 1999இல் உச்சநீதிமன்றம், தந்தை உயிரோடிருக்கையிலும் தாய் இயற்கைக் காப்பாளராதல் கூடும் என்று சட்டத்திற்குப் பொருள் கண்டது. கணவனை இழந்து மறுமணம் புரிந்த தாய்க்குத் தன் பிள்ளையின் குடும்பப் பெயரைத் தீர்மானிக்கும் உரிமை உண்டு என்று 2022இல் தீர்ப்பளித்தது. வழக்கம் இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை.

கவிஞர்கள் இக்கட்டிலிருந்து வழிகண்டவர்கள். கனகசுப்புரத்தினம், பாரதியைத் தம் பெயரின் தலையில் வைத்துப் பாரதிதாசன் ஆனார். இராசகோபாலன் சுப்புரத்தினதாசனாகி, அதனையும் சுருக்கிச் ‘சுரதா’ ஆனார். எழுத்துகளே கூடிப் பெயரான அது மெய்யான தமிழ் மோனோகிராம். குருதியுறவு நிற்கும் இடத்தில் கவியுறவு நிற்கின்றது.

இதற்கும் முன்னோடி சங்கத்திலேயே உண்டு. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் ஆகியோர்க்குத் தந்தை பெயரும் இல்லை, ஊரும் இல்லை. தாம் பாடிய தொடரே பெயராயிற்று. விருந்து வரக் கரைந்த காக்கையைப் பாடிய நச்செள்ளையார் காக்கைபாடினியார் ஆனார். ஒரு பெண்ணின் பெயர்க்கு முன் அவள் பாட்டே நின்றது. கவிஞர் எவர்க்கும் இதனினும் பெரிய முன்னொட்டு வாய்ப்பதரிது. ஆயின் அது காலம் தருவது; நாம் கேட்டுப் பெறுவதன்று.

நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. வட்டத்தின் வெளியீடுகளில் எவர் பெயரை அச்சிடினும், முன்னெழுத்தை நாமே ஊகித்து இடாமல் அவரைக் கேட்டு இடுவோம். ஒருமுறை அவர் தந்த வடிவத்தை அவரே மாற்றச் சொன்னாலன்றி மாற்றாதிருப்போம். நண்பரின் கேள்வி எரிச்சலூட்டவில்லை; இத்தனை ஆண்டுகளில் அதனை என்னிடம் கேட்ட முதல் மனிதர் அவர் என்பதே என் உள்ளத்தில் தைத்தது.

மறுநாள் அவருக்கு விடை சொன்னேன். என் தாயின் எழுத்து முதலிலும் தந்தையின் எழுத்து அடுத்தும் இம்மலரின் உறுப்பினர் பட்டியலில் இடம்பெற்றுள்ளன.