பருத்தித்துறை: பெயர்களும் அடையாளங்களும்

துறைமுகப் பட்டினங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோட்டைகளையும் கோயில்களையும் தேடிச் செல்கின்றனர். ஒழுங்கைகளின் பெயர்களைக் குறித்துவைப்போர் அரியர். பருத்தித்துறையைப் பொறுத்தவரை இது பெருங்குறை என்பேன்.

பருத்தி வணிகத்தால் வந்ததே தமிழ்ப் பெயர் என்பர். ஆங்கிலப் பெயரைக் கேட்போரோ, பெட்றோ என்னும் ஒருவர் வந்திறங்கியதாக எண்ணிக்கொள்கின்றனர். அது பிழை. போர்த்துக்கேயர் இட்ட 'பொன்ரா தாஸ் பேத்ராஸ்' என்பதன் பொருள் கற்களின் முனை. அக்கரையின் முருகைக்கற்களைக் கண்டவருக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. கடலிலிருந்து வந்தவன் கல்லுக்கு அஞ்சிப் பெயரிட்டான். கரையிலிருந்தவன் துறையை நம்பிப் பெயரிட்டான். முனை என்ற சொல் இன்றும் அங்கு ஒரு குறிச்சியின் பெயர். 1916இல் எழுந்த வெளிச்சவீடு அதன் அருகிலேயே உள்ளது.

ஒல்லாந்த மதகுரு பால்டியஸ் போதனை செய்ததாகச் சொல்லப்படும் புளியமரம் 1960களின் சூறாவளியொன்றில் வீழ்ந்தது. மரம் போனாலும் கதை நிலைத்துவிட்டது. தும்பளை வீதியிலுள்ள தெருமூடிமடத்துக்கோ பெயரே வரலாறு: இருபுறமும் கற்றிண்ணைகள், நடுவே வீதி, மேலே கூரை. வழிப்போக்கர் இளைப்பாற வீதியையே மூடிக் கட்டிய அந்த மனப்பாங்கு எனக்கு எப்போதும் வியப்பளிப்பது.

நிலத்தின் பெயர்களுக்கு ஓரளவு காப்புண்டு. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் ஒவ்வொரு துண்டுக்கும் தனிப்பெயர் இருக்கும்: புலம், கலட்டி, ஒல்லை, சீமா, வளவு என முடிபவை. புலம்பெயர்ந்தோரின் பெட்டிகளில் கிடக்கும் பழைய உறுதிகளை விலைப்பத்திரங்களாக மட்டும் கருதலாகாது. அவை ஊரின் பெயரகராதியும் ஆகும்.

கடலுக்கு உறுதி இல்லை. பார்களுக்கும், தோணிகள் கரைசேரும் வான்களுக்கும் உள்ள பெயர்கள் கடற்றொழிலாளரின் வாயிலேயே வாழ்ந்தவை. பனையையும் கோபுரத்தையும் நேர்பிடித்து, இன்ன பாரின்மேல் நிற்கிறோம் என்று அறிந்த தலைமுறை அது. இப்போது ஜீபிஎஸ் கருவி இலக்கங்களைக் காட்டுகிறது, பெயர் தேவைப்படுவதில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும், போர்க்கால இடப்பெயர்வுகளும் கரையோரக் குடிகளைக் கலைத்தபோது, அப்பெயர்களைச் சொல்லிக்கொடுக்கும் திண்ணைகளும் கலைந்தன.

ஆகவே எழுதத் தொடங்குவோர் முதலில் கடலுக்குப் போகட்டும். வயதான தொழிலாளர் ஒருவரிடம் பாரின் பெயர், அதற்குப் பிடிக்கும் குறிகள், அங்கு படும் மீன் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கேட்டுக் குறிக்கவேண்டும். உறுதிகளைப் பிறகும் படிக்கலாம்.