புள்ளி வைத்தவர்களும் படம் ஓட்டியவர்களும்

முன்னாள் மாணவர், கணிப்பொறிப் பொறியியல் துறை, மன்னவனூர்

நம் கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்த யாரையும் கேட்டுப் பாருங்கள், டர்போ சி-யில் கார் ஓட்டிய கதை ஒன்று இருக்கும். நாலு கோடு, ரெண்டு வட்டம். வரை, கொஞ்சம் நிறுத்து, அழி, அஞ்சு புள்ளி தள்ளி மறுபடி வரை. 640-க்கு 480 புள்ளிகளும் 16 நிறங்களும் கொண்ட திரையில் அந்தக் கார் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய்ச் சேரும். பத்து மார்க் வாங்கியதோடு அதை மறந்துவிட்டோம். ஆனால் அந்தச் சின்ன புரோகிராமுக்குப் பின்னால் பெரிய சரித்திரம் இருக்கிறது. அதில் தமிழ்நாட்டுக்கும், எங்கள் கொடைக்கானல் மலைக்கும்கூடப் பங்கு உண்டு. மலரில் இடம் கொடுத்த நண்பர்களுக்கு நன்றி சொல்லி, அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பெட்டி, பூனை, பசி

கம்ப்யூட்டர் வரைந்த முதல் படங்களில் ஒன்றை எடுத்தவர் சினிமாக்காரர் அல்ல, நம்மைப் போன்ற ஆசாமிதான். 1963-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் எட்வர்ட் ஸஜாக் என்பவருக்கு ஒரு கேள்வி. பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள் எப்போதும் ஒரே முகத்தைப் பூமிக்குக் காட்டியபடி இருக்குமா, இல்லை தாறுமாறாகப் புரளுமா? விடை பக்கம் பக்கமாக எண்களாக வந்தால் யார் படித்துப் புரிந்துகொள்வது? ஐபிஎம் 7090 கணக்குப் போட, அதன் விடைகளை மைக்ரோஃபிலிம் கருவி ஒன்று படம் படமாக ஃபிலிமில் பதித்தது. பூமி உருண்டையைச் சுற்றி ஒரு பெட்டி புரண்டு புரண்டு, மெல்ல அடங்குகிறது. அவ்வளவுதான் கதை. ஆனால் பார்த்தவுடன் புரிந்தது.

1968-ல் மாஸ்கோவில் கான்ஸ்டன்டினோவ் குழுவினர் பெஸ்ம்-4 என்ற கணிப்பொறியில் ஒரு பூனையை நடக்க விட்டார்கள். பூனையின் நடையை டிஃபரென்ஷியல் சமன்பாடுகளாக எழுதி, ஒவ்வொரு நிலையையும் பிரிண்டரில் எழுத்துக்களாலேயே காகிதத்தில் அச்சடித்து, தாள் தாளாகக் காமிராவில் பிடித்தார்கள். 1974-ல் கனடாவில் பீட்டர் ஃபோல்டெஸ் எடுத்த ‘பசி’ என்ற 11 நிமிடப் படம் கான் விழாவில் பரிசு பெற்றது. முக்கியமான நிலைகளை மட்டும் கலைஞர் வரைவார், நடுவில் வரும் படங்களைக் கம்ப்யூட்டர் கணக்கிட்டு நிரப்பும். இன்றைய அனிமேஷன் மென்பொருள்களில் எல்லாம் ‘கீ ஃபிரேம்’ என்று இருக்கிறதே, அதே யோசனைதான்.

மூன்றுமே குறும்படங்கள் என்பதைக் கவனியுங்கள். காரணம் சாதாரணக் கணக்கு. சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 படம், ஒரு நிமிஷத்துக்கு 1440. ஒரு படத்தைக் கணக்கிட ஒரு மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், ஒரு நிமிஷப் படத்துக்கு இரவு பகலாக 60 நாள் வேண்டும். நீளமாக எடுக்க வழியில்லை. அதனால் என்ன சொல்ல வேண்டுமோ அதை மட்டும் சொன்னார்கள்.

கோலத்துக்கு ஒரு இலக்கணம்

நம் நாட்டிலும் கதை அப்போதே ஆரம்பித்துவிட்டது. மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்தில் 1960-ல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணிப்பொறியில் எண்களையும் வரைபடங்களையும் காட்டும் ஒரு திரையும் இருந்தது. அதைக் கட்டிய குழுவின் தலைவர் ஆர். நரசிம்மன், சென்னையில் பிறந்து கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதுபோல் படத்துக்கும் இலக்கணம் எழுத முடியும் என்று உலக அளவில் முதலில் சொன்னவர்களில் அவர் ஒருவர்.

அதே மும்பையில் ஓவியர் அக்பர் பதம்ஸி, நேரு ஃபெல்லோஷிப் பணத்தில் ஒரு பட்டறை நடத்தி, 1970 வாக்கில் ‘சிஸிஜி’ என்ற சத்தமில்லாத குறும்படத்தை எடுத்தார். கோடுகளும் வடிவங்களும் ஒரு கணித ஒழுங்கின்படி பிறந்து மாறிக்கொண்டே போகும். அனிமேஷன் செய்தவர் ராம் மோகன். கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாம் கைவேலை. ஆனால் யோசனை முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டர் யோசனை.

இதற்கெல்லாம் அடிப்படையான விஷயத்தை நம் வீட்டு வாசலிலேயே கண்டுகொண்டவர்கள் தாம்பரத்தில் இருந்தார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி தம்பதியர், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974-ல் கோலத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஏழு புள்ளிக் கோலம் தெரிந்த அம்மாவுக்குப் பதினைந்து புள்ளிக்குப் பெரிதாக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் மனசில் இருப்பது படமல்ல, விதி. இந்த வளைவு வந்தால் அடுத்து அந்த வளைவு, புள்ளியைச் சுற்றித் திரும்பு, மறுபடி செய். அந்த விதியைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் இலக்கணமாக எழுதலாம் என்று காட்டினார்கள்.

அவர்கள் செய்தது கணிதம், சினிமா அல்ல. ஆனாலும் பொறியியல் மாணவருக்கு இது பெரிய பாடம். படத்தைப் புள்ளி புள்ளியாகச் சேமித்தால் கிடைப்பது ஒரே ஒரு படம். விதியாக எழுதினால் ஒரு எண்ணை மாற்றியதும் அடுத்த படம் தயார். அப்படிப் படங்களை வரிசையாக ஓட்டினால் அதுதான் அனிமேஷன். இதே குடும்பத்தைச் சேர்ந்த எல்-சிஸ்டம் என்ற விதிமுறையால்தான் பின்னாளில் கம்ப்யூட்டரில் செடி கொடிகளை ‘வளர்க்க’ ஆரம்பித்தார்கள்.

கோடம்பாக்கம் வந்தது

1989-ல் ‘ராஜா சின்ன ரோஜா’வில் ரஜினியோடு ஆடிய மிருகங்கள் வரைந்து எடுத்தவை. ஐந்தே வருஷத்தில், 1994-ல், ‘காதலன்’ படத்தின் முக்காலா பாட்டில் உடம்பு மறைந்து தொப்பியும் கையுறையும் ஷூவும் தனியே ஆடியபோது தியேட்டர் ஆடிப்போனது. அதற்காக எஸ்.டி. வெங்கிக்கு தேசிய விருது. 1996-ல் ‘இந்தியன்’ படத்தில் கமலை நேதாஜியோடு ஒரே ஃபிரேமில் நிற்க வைத்தார்கள்.

2000-ல் சென்னையின் பென்டாஃபோர், பிற்காலப் பெயர் பென்டாமீடியா, ஹாலிவுட்காரர்களோடு சேர்ந்து ‘சின்பாத்’ படத்தை முடித்தது. நடிகர் உடம்பில் ஒட்டிய குறிகளைப் பல காமிராக்கள் பின்தொடர்ந்து, அந்த அசைவைக் கம்ப்யூட்டர் பொம்மைக்கு ஏற்றும் மோஷன் கேப்சர் முறை. முழுக்க அந்த முறையிலேயே எடுத்த முதல் முழுநீளப் படம் என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. அதே வருஷம் அவர்கள் எடுத்த ‘பாண்டவாஸ்’ சிறந்த ஆங்கிலப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. ஆனால் ‘சின்பாத்’ ஓடவில்லை. மிஷின் புதுசு, கதையில் உயிர் போதவில்லை என்பது என் அபிப்பிராயம். 1986-ல் பிக்ஸார் எடுத்த ‘லக்ஸோ ஜூனியர்’ ரெண்டு நிமிஷப் படம்தான், அதில் வருவது ரெண்டு மேஜை விளக்குகள்தான். அப்பா விளக்கும் பிள்ளை விளக்கும் என்று பார்த்தவர் மனசில் நின்றுவிட்டது.

எங்கள் மலையில் ஒரு படம்

இனி என் ஊர்ப் பக்கம். மன்னவனூரிலிருந்து பூம்பாறை வழியாக மேலே போனால் கொடைக்கானல். அங்கே 1899-ல் அமைந்த வானாய்வு நிலையத்தில் 1900-களின் தொடக்கத்திலிருந்து, வானம் திறந்த நாளிலெல்லாம், சூரியனைப் படம் பிடித்து வைத்தார்கள், முதலில் கண்ணாடித் தகடு, பிறகு ஃபிலிம். 1909-ல் எவர்ஷெட் சூரியப் புள்ளியில் வாயு நகர்வதைக் கண்டுபிடித்தது இங்கேதான். எடுத்தவர்கள் யாரும் அனிமேஷன் செய்கிறோம் என்று நினைத்திருக்க மாட்டார்கள். நாளுக்கு ஒரு ஃபிரேம், அவ்வளவுதான்.

அந்தத் தகடுகளை இந்திய வானியற்பியல் நிறுவனம் டிஜிட்டல் படங்களாக மாற்றியது. வரிசையாக ஓட்டினால் சூரியன் நம் கண் முன்னால் 27 நாளுக்கு ஒரு தடவை சுற்றுகிறது, புள்ளிகள் பிறந்து மறைகின்றன, சுமார் 11 வருஷத்துக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. எனக்குத் தெரிந்து நம் மலையில் எடுத்த மிக நீண்ட படப்பிடிப்பு இதுதான். அது இன்று ஓடுகிறது என்றால் ஒரே காரணம், யாரோ சிலர் அந்தத் தகடுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. பதம்ஸி 1969-ல் எடுத்த இன்னொரு குறும்படத்தின் ஒரே பிரதி தொலைந்தே போனது. 2016-ல் வேறொரு இயக்குநர் அவரோடு சேர்ந்து அதை நினைவிலிருந்து திரும்ப உருவாக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

நம் கதை என்ன? நம்மில் பலர் சிம்போசியத்துக்கும் கல்சுரலுக்கும் ஃபிளாஷில் குட்டிக் குட்டிப் படங்கள் செய்தோம். 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷ் பிளேயருக்கு அடோபி ஆதரவை நிறுத்திவிட்டது. இன்றைய பிரௌஸர்களில் அவை நேரடியாக ஓடாது. ஃபிளாப்பியும் சிடியும் பீரோவில் பூசணம் பூத்துக் கிடக்கின்றன. ஆனால் ஃபைல் பழுதாகாமல் இருந்தால் ‘ரஃபிள்’ போன்ற இலவச மென்பொருளில் பெரும்பாலானவற்றை ஓட்டிப் பார்க்கலாம், வீடியோவாகவும் மாற்றி வைக்கலாம்.

ஆகவே சீனியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சந்திப்புக்கு வரும்போது பழைய சிடி, ஃபிளாப்பி, பிராஜெக்ட் ரெக்கார்டு எது இருந்தாலும் கையோடு கொண்டுவாருங்கள். “அது ஒண்ணுமில்லப்பா, சும்மா பண்ணினது” என்று நீங்கள் நினைப்பதைத்தான் முதலில் கொண்டுவர வேண்டும். படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வேலை. காப்பி எடுத்து, யார் செய்தது, எந்த வருஷம், எந்த மென்பொருள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி லைப்ரரியில் வையுங்கள். ரெண்டு மூன்று பிரதியாக, வேறு வேறு இடத்தில் வையுங்கள். ஃபிளாப்பி டிரைவ் ஒன்று என்னிடம் இன்னும் வேலை செய்கிறது. மன்னவனூரிலிருந்து அதை எடுத்துக்கொண்டு வர நான் தயார்.