நாலு பேஸ், நாலு அம்புக்குறி: எட்டு பிட் பேஸ்பாலில் பந்து எறிந்த வரலாறு

தொண்ணூறுகளில் டிவியில் சொருகி விளையாடும் வீடியோ கேம் இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த மஞ்சள் கேசட் நினைவிருக்கும். மேலே '9999 இன் 1' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். உள்ளே போனால் பத்துப் பதினைந்து கேம்தான் பெயரை மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வரும். மரியோ உண்டு, டாங்க் சண்டை உண்டு, பைக் ரேஸ் உண்டு. அந்த வரிசையில் பல வீடுகளில் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்ட கேம் ஒன்று இருந்தது. பேஸ்பால்.

இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். இன்னும் சரியாகச் சொன்னால், அதில் ஃபீல்டர் பந்தை எடுத்ததும் எங்கே எறிகிறார், எப்படி எறிகிறார் என்பதைப் பற்றி. 'இதுக்கெல்லாம் ஒரு வரலாறா?' என்று கேட்பவர்கள் ஐந்து நிமிடம் பொறுத்தருள்க :-)

வைட்டிலாவுக்குக் குடிவந்த பிறகு மலையாளி நண்பர்களோடு பழைய கதை பேசும்போதெல்லாம் இந்தப் பெட்டி எப்படியாவது பேச்சில் வந்துவிடும். இங்கே அது மாமாவோ கொச்சாப்பனோ வளைகுடாவிலிருந்து லீவில் வரும்போது சூட்கேஸில் வந்த சாமான். நம்ம ஊர்ப் பக்கம் பர்மா பஜார் சரக்கு, இல்லாவிட்டால் 'மீடியா', 'லிட்டில் மாஸ்டர்' என்று பெயர் ஒட்டிய நகல் பெட்டி. வந்த வழி வேறு. உள்ளே இருந்த பேஸ்பால் ஒன்றேதான். அது நிண்டெண்டோ 1983 டிசம்பரில் ஜப்பானில் ஃபேமிகாம் பெட்டிக்காக வெளியிட்டது. 1985ல் அமெரிக்காவுக்குப் போன முதல் வரிசை கேம்களிலும் அது இருந்தது.

அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். 1978ல் அடாரி பெட்டிக்கு 'ஹோம் ரன்' என்று ஒரு கேம் வந்தது. அதில் எறிவது என்ற பேச்சே கிடையாது. ஃபீல்டரை ஓட்டிக்கொண்டு போய் ரன்னரைத் துரத்த வேண்டியதுதான். ஒருவகையில் நம்ம ஊர் ஓடிப்பிடிச்சு விளையாட்டு. 1980ல் மேட்டல் கம்பெனியின் இன்டெலிவிஷனில் வந்த பேஸ்பால் எதிர்த்திசையில் போனது. அதன் கன்ட்ரோலரில் டெலிபோன் மாதிரி 12 பட்டன். அதன்மேல் மைதானப் படம் அச்சடித்த பிளாஸ்டிக் அட்டையைச் சொருகிக்கொள்ள வேண்டும். பந்து யாரிடம் போகவேண்டுமோ அந்த இடத்தை அமுக்க வேண்டும். கணக்கு சரிதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் டிவியை விட்டுக் கண்ணைக் கையில் இருக்கும் அட்டைக்குக் கொண்டுவர வேண்டும்.

நிண்டெண்டோவிடம் அத்தனை பட்டன் இல்லை. விளையாட்டுக்கென்று இருந்தது ஏ, பி என்று இரண்டு பட்டன், கூட்டல் குறி மாதிரி ஒரு திசைப் பட்டன். இந்தத் திசைப் பட்டன் கும்பெய் யோகோய் என்ற பொறியாளரின் கைவண்ணம். 1982ல் டாங்கி காங் கையடக்க விளையாட்டில் வந்தது. பேஸ்பாலுக்காகச் செய்ததே இல்லை. ஆனால் பேஸ்பால் மைதானத்தை டிவியில் பாருங்கள். பேட்ஸ்மேன் நிற்கும் ஹோம் கீழே. முதல் பேஸ் வலப்பக்கம். இரண்டாவது மேலே. மூன்றாவது இடப்பக்கம். நாலு பேஸ், நாலு திசை. அட்டையும் வேண்டாம், எண்ணும் வேண்டாம். வலம் அமுக்கி ஏ தட்டினால் முதல் பேஸுக்குப் பந்து போகும். மேல் அமுக்கி ஏ தட்டினால் இரண்டாவதுக்கு. கண் டிவியிலேயே இருக்கலாம்.

இன்னொரு விஷயம். இந்த கேமில் ஃபீல்டர்களை நாம் ஓட்டவே முடியாது. பந்து போகும் பக்கம் அவர்களே ஓடுவார்கள், கொஞ்சம் சோம்பேறித்தனமாக. இதைப் பலர் குறையாகச் சொல்வதுண்டு. விளைவு என்ன என்று யோசித்தால் வேறு மாதிரி தெரிகிறது. பந்து அடிபட்ட பிறகு, தடுக்கும் அணிக்காரருக்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு முடிவுதான்: எந்த பேஸுக்கு எறிவது? பேஸ்பாலின் பாதி சூட்சுமம் அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

நம்ம கிரிக்கெட் கைக்கு இங்கேதான் சிக்கல். கிரிக்கெட்டில் அடித்தவன் ஓடித்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டே முனை. எங்கே எறிவது என்று தெரியாவிட்டால் கீப்பரிடம் எறி என்பது தெரு கிரிக்கெட்டின் முதல் பாடம். பேஸ்பாலில் ஹோமுக்குப் பின்னால் முகமூடியும் கையுறையுமாக உட்கார்ந்திருப்பவர் பார்க்க அப்படியே நம்ம கீப்பர். கிரிக்கெட் பழகிய பிள்ளை பந்து கிடைத்ததும் கீழ் அமுக்கி ஏ தட்டும். அடித்தவன் அதற்குள் முதல் பேஸில் ஹாயாகப் போய் நின்றிருப்பான்.

பேஸ்பாலில் பந்து தரையில் பட்டு மைதானத்துக்குள் உருண்டால், அடித்தவன் முதல் பேஸுக்கு ஓடியே ஆகவேண்டும். அங்கே ஏற்கனவே ஒருவன் நின்றால், ஒரு பேஸில் இரண்டு பேர் நிற்க முடியாது. அவன் இரண்டாவதுக்குக் கிளம்பியே தீரவேண்டும். இப்படிக் கட்டாயமாக ஓடுபவனைத் தொட வேண்டியதில்லை. அவனுக்கு முன்னால் பந்து அந்த பேஸுக்குப் போனால் போதும், அவுட். ஆக, மேல் அமுக்கி ஏ, உடனே வலம் அமுக்கி ஏ. ஒரே பந்தில் இரண்டு பேர் காலி. இதற்குப் பெயர் டபுள் பிளே என்பது தெரியாமலே கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் கண்டுபிடித்த பிள்ளைகள் உண்டு. விதிப்புத்தகம் இல்லை, சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை. பட்டன்தான் வாத்தியார்.

சரி, யாருக்கும் விதி தெரியாத ஒரு விளையாட்டு ஏன் நம் ஊர் கேசட்டுகளில் வந்து உட்கார்ந்தது? காரணம் ரசனை இல்லை, அளவு. மொத்த கேமும் 24 கிலோபைட். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படத்தில் நூறில் ஒரு பங்குகூட வராது. கேசட்டுக்குள் தனியாக ஒரு உதவிச் சில்லும் தேவையில்லை. ஒரே கேசட்டில் பலதை அடைக்க நினைத்த நகல் வியாபாரிக்கு இப்படிப்பட்ட ஆரம்பகாலச் சின்ன கேம்கள்தான் லாபம். பெட்டியின் நினைவகமே 2 கிலோபைட். திரையின் ஒரு கிடைக்கோட்டில் எட்டுச் சின்னச் சதுரங்களுக்கு மேல் நகரும் உருவம் வரையாது. ஒரு ஆளுக்கு இரண்டு சதுரம் அகலம் என்றால் ஒரே வரிசையில் நாலு பேருக்குத்தான் இடம்.

ஃபீல்டரை நாமே ஓட்டும் வசதியோடு 1986ல் நாம்கோவின் 'ஃபேமிலி ஸ்டேடியம்' ஜப்பானில் வந்தது. அமெரிக்காவில் 1988ல் அதுவே 'ஆர்.பி.ஐ. பேஸ்பால்'. ஓடவும் அதே திசைப் பட்டன், எறியவும் அதே. இடப்பக்கம் துரத்திக்கொண்டிருந்த விரலை மாற்றாமல் ஏ தட்டினால் பந்து மூன்றாம் பேஸுக்குப் போய்விடும். கூடுதல் சுதந்திரம், கூடுதல் தலைவலி.

அந்தப் பெட்டிக்கு கிரிக்கெட்டும் வந்தது. மெல்போர்னின் பீம் சாஃப்ட்வேர் 1992ல் செய்த 'இன்டர்நேஷனல் கிரிக்கெட்'. ஆனால் ஆஸ்திரேலியாவில் மட்டும். கிரிக்கெட் பைத்தியம் பிடித்த நாட்டுக்கு நகல் பெட்டியில் கிடைத்தது பேஸ்பால்! பல வருடம் கழித்து 2006ல் வந்த 'கிரிக்கெட் 07' நம் ஊர் கம்ப்யூட்டர்களைப் பிடித்துக்கொண்டபோது, எறிவதற்கு இரண்டே வழிதான்: கீப்பர் முனை, பந்துவீச்சாளர் முனை. யோசிக்கவே வேண்டாம், கைக்குத் தெரியும்.

நிண்டெண்டோவின் பேஸ்பால் அழிந்துவிடவில்லை. 2018ல் ஸ்விட்ச் ஆன்லைன் சேவையில் மறுபடி வந்தது. அதன் வரலாற்றை எழுத ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் நம் தெருக்களில் அது எப்படி விளையாடப்பட்டது என்பதை அவர்கள் எழுத முடியாது. அந்த பேஸ்களுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர்கள், புரியாத விதிக்குச் சொன்ன விளக்கங்கள், 'கீழ எறியாதடா, சைடுல எறி' என்று பக்கத்தில் உட்கார்ந்து கத்திய அண்ணன்கள் - இதெல்லாம் எந்தக் காப்பகத்திலும் இல்லை. நம் மண்டையில்தான் இருக்கிறது. விளையாடிய தலைமுறைக்கு இப்போது நாற்பதைத் தாண்டுகிறது. இன்னும் கொஞ்ச காலத்தில் மறந்தும் போகும்.

அதனால் கேட்கிறேன். உங்கள் வீட்டில் மஞ்சள் கேசட் இருந்ததா? முதல் பேஸுக்கு உங்கள் தெருவில் என்ன பெயர்? கட்டாய அவுட்டை முதலில் கண்டுபிடித்தது யார்? ரெண்டு வரி போதும், எழுதிவிட்டுப் போங்கள்.

டிஸ்கி: பரணில் அந்தப் பெட்டி இன்னும் இருந்தால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அதற்குப் பதிலாகக் கிடைக்கும் பேரீச்சம்பழம் அதற்கு ஈடாகாது :-)