இரு கொடிகளின் கீழ் சென்ற நம் பங்கின் மைந்தர்கள்

நம் ஆலயத்தின் 150-ஆம் ஆண்டு ஜூபிலியையொட்டி வெளிவரும் இம்மலரில், ஆலயம் எழும்பிய வரலாற்றையும், இங்கே பணியாற்றிய குருக்களின் வரிசையையும், கன்னியர் மடமும் பள்ளிக்கூடமும் வளர்ந்த விதத்தையும் பிற பக்கங்களில் காண்பீர்கள். நாம் எழுத எடுத்துக்கொண்டதோ அப்பக்கங்கள் எதிலும் இடம்பெறாத சிலரைப் பற்றியது. 1914 முதல் 1918 வரையிலும், மீண்டும் 1939 முதல் 1945 வரையிலும் உலகத்தை உலுக்கிய இரு மகா யுத்தங்களுக்கு நம் ஊர்களிலிருந்து புறப்பட்டுப்போன வாலிபர்கள் அவர்கள்.

ஒரு பங்கின் அலமாரியில் மூன்று பதிவேடுகள் முக்கியமானவை: ஞானஸ்நானம், திருமணம், அடக்கம். ஒருவருக்கு எந்த ஊரில் திருமணம் நடந்தாலும், அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் அனுப்பி, அங்குள்ள பதிவேட்டின் ஓரத்தில் அதைக் குறித்துவைக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். மரணத்துக்கு அவ்வித ஏற்பாடு இல்லை. உடல் எங்கே அடக்கமாகிறதோ அந்தப் பங்கின் ஏட்டில்தான் அது ஏறும். ஆகவே மெசப்பொத்தேமியாவிலோ, பர்மாக் காட்டிலோ, பிரான்சிலோ மடிந்த ஒருவன் நம் பதிவேடுகளைப் பொறுத்தவரை பிறந்திருக்கிறான், சிலவேளை மணம் முடித்திருக்கிறான், இறக்கவே இல்லை. பழைய ஞானஸ்நான ஏட்டைப் புரட்டும்போது, பிற்பாடு எந்த ஏட்டிலும் தலைகாட்டாத பெயர்கள் தென்படுகின்றன. அவர்களில் கண்டிக்கும் கொழும்புக்கும் மலேயாவுக்கும் பிழைக்கப் போனவர்களும் உண்டு. பட்டாளத்துக்குப் போனவர்களும் உண்டு. இன்னார் இன்னார் என்று பிரித்தறிய ஏடு உதவாது. குடும்பங்களின் நினைவுதான் உதவும்.

இளைய தலைமுறைக்கு இங்கே ஒன்றை விளக்கவேண்டும். 1954 நவம்பர் 1 வரையில் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. சுற்றியிருந்த தென்னாற்காடு ஜில்லா 1947 வரையில் ஆங்கிலேயருடையது. எல்லையும் நேர்க்கோடாக இல்லை. பிரெஞ்சு நிலத்துக்கு நடுவே ஆங்கிலேயர் கிராமம், ஆங்கிலேயர் நிலத்துக்கு நடுவே பிரெஞ்சுக் கிராமம் என்று கிழிந்த துணிக்கு ஒட்டுப்போட்டதுபோல் கிடந்தது. கழனிக்குப் போய்த் திரும்புகிறவன் ஒரே நாளில் இரண்டு ராஜ்யங்களை மிதித்து வருவான். கோயிலுக்கு மட்டும் அந்த எல்லை கிடையாது. நம் உயர்மறைமாவட்டம் இரு பகுதிகளையும் சேர்த்தே ஆண்டுவந்தது. 1953-ல் அதன் பெயரே ‘புதுவை - கடலூர்’ என்றாயிற்று. நம் பங்கின் கிளைக் கிராமங்களும் அப்படியே இருபுறமும் சிதறிக் கிடந்தன. எனவே ஒரே தொட்டியில் ஞானஸ்நானம் பெற்று, ஒரே பந்தியில் புதுநன்மை வாங்கிய இரு வாலிபர்களில் ஒருவன் பிரெஞ்சுக் கொடியின் கீழும், மற்றவன் பிரிட்டிஷ் கொடியின் கீழும் போருக்குப் போனான். இரண்டு யுத்தங்களிலும் அவ்விரு கொடிகளும் ஒரே பக்கத்தில் நின்றன என்பது நம் மக்களுக்கு ஒரு நல்ல காலம் என்றே சொல்லவேண்டும்.

முதலில் பிரெஞ்சுப் பக்கத்தைப் பார்ப்போம். 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணையின்படி, பிரெஞ்சிந்தியக் குடிமகன் தன் சாதி வழக்கத்துக்கும் மத வழக்கத்துக்கும் உட்பட்ட தனிச்சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வரலாம். அப்படி வந்தவர்களை ‘ரெனோன்சான்’ என்றார்கள். துறந்தவன் தனக்கொரு குடும்பப் பெயரையும் வைத்துக்கொள்ளவேண்டும். நம் ஏடுகளில் அந்தோணிசாமிக்கும் சவரிமுத்துவுக்கும் பின்னால் திடீரென்று ஒரு பிரெஞ்சுப் பெயர் ஒட்டிக்கொண்டு நிற்பதன் ரகசியம் இதுதான். சாதியின் அடிமட்டத்தில் மிதிபட்ட கிறிஸ்தவர்களுக்கு இந்தச் சட்டம் ஒரு கதவைத் திறந்தது. அந்தக் கதவுக்கு அப்பால் கிடைத்த உத்தியோகங்களுள் முக்கியமானது பட்டாளம். பிரெஞ்சுப் படையில் சேர்ந்தவரை ஊரார் ‘சொல்தா’ என்றார்கள். இன்றும் புதுவையில் ‘சொல்தா வீடு’ என்றால் வழி காட்டுவார்கள்.

1914 ஆகஸ்டில் பிரான்ஸ் படைதிரட்டியபோது சொல்தாக்கள் மட்டுமா போனார்கள்? அந்நாட்டுச் சட்டம் குருக்களுக்கும் படைச்சேவையிலிருந்து விலக்கு அளிக்கவில்லை. நம் மறைமாவட்டத்தில் ஊழியம் செய்துவந்த பாரிஸ் வேதபோதக சபைக் குருக்களில் சிலருக்கும் அழைப்பு வந்தது. நேற்றுவரை பூசை வைத்த சுவாமியார் இன்று சிப்பாயாகக் கப்பலேறியதை நம் முன்னோர் எப்படி விளங்கிக்கொண்டார்களோ! அதே ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு ஜெர்மானியரின் ‘எம்டன்’ கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்கின்மேல் குண்டு வீசியது. எங்கோ நடப்பதாகக் கேட்டிருந்த யுத்தம் வாசற்படிக்கே வந்துவிட்டது. காரியத்தில் கெட்டிக்காரனை ‘அவன் எம்டன்’ என்று நாம் இன்றும் சொல்வது அந்த ஓர் இரவின் மிச்சம்.

இரண்டாம் யுத்தத்தில் 1940 ஜூன் மாதம் பிரான்ஸ் வீழ்ந்தது. ஆயினும் செப்டம்பரிலேயே புதுச்சேரி கவர்னர் லூயி போன்வேன் தளபதி தெ கோலின் சுதந்திரப் பிரான்சோடு சேர்வதாக அறிவித்துவிட்டார். அந்த யுத்தம் முடிந்த பின்னும் சொல்தாக்களுக்கு ஓய்வில்லை. 1954 வரையில் நீடித்த இந்தோசீனப் போரிலும் புதுவை, காரைக்கால் வாலிபர்கள் பலர் பணியாற்றினார்கள்.

ஆங்கிலேயர் பக்கம் போனவர்களின் கதை வேறு மாதிரியானது. வடக்கே சில இனங்கள்தாம் வீர இனங்கள், தெற்கத்தியான் போருக்கு லாயக்கில்லாதவன் என்றொரு கொள்கையை வெள்ளை அதிகாரிகள் உண்டாக்கிவைத்திருந்தார்கள். அதன் விளைவாக மதராஸ் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன; முதல் யுத்தத்துக்குப் பிறகு மிச்சமிருந்தவையும் கலைக்கப்பட்டன. அழியாமல் நின்றது 1780-ல் தோன்றி, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்கள் படை ஒன்றே. பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி அகற்றுவது ஆகியவை இவர்கள் வேலை. தமிழ்க் கிறிஸ்தவர்களும் தாழ்த்தப்பட்டோரும் இதில் பெருவாரியாகச் சேர்ந்தார்கள். ராணுவம் முழுவதும் இவர்களைத் ‘தம்பி’ என்றே அழைக்கும். இரண்டாம் யுத்தம் மூண்டு ஆள்பலம் போதாமற்போனபோது வீர இனக் கொள்கையை மடித்துவைத்துவிட்டு, 1941-ல் மதராஸ் ரெஜிமெண்டை மறுபடியும் உயிர்ப்பித்தார்கள்.

ஏன் போனார்கள்? தேசபக்தி, ராஜபக்தி என்று மேடையில் பேசலாம். முதல் யுத்த காலத்தில் சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். பண்ணையில் கூலிக்கு நெல் வாங்கி வாழ்ந்த வீட்டுக்கு அந்தப் பதினொரு ரூபாய் பெரிய காரியம். உடுப்பும் பூட்ஸும் வேறு. அவற்றைப் போட்டுக்கொண்டு மேல்தெருவில் நிமிர்ந்து நடக்கலாம் என்பதும் சிறிய காரியமன்று.

போனவர்கள் எல்லாரும் வெற்றிமாலை சூடித் திரும்பினார்கள் என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63-ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள தாங்கா என்னும் துறைமுகத்தில் இறக்கிவிடப்பட்டது. வாரக்கணக்கில் கப்பலில் அடைபட்டு, கடல்நோயில் வாடி, போதிய பயிற்சியும் இல்லாத அவர்களை ஜெர்மானியரின் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு முன்னால் நிறுத்தினார்கள். குண்டுகள் போதாவென்று, கலைந்த கூடுகளிலிருந்து தேனீக்களும் வந்து கொட்டின. படை சிதறி ஓடியது. பழி முழுவதும் சிப்பாய்மேல் விழுந்தது. அவனை அந்த நிலையில் கொண்டுபோய் நிறுத்தியவர்களைப் பற்றிப் பேச்சு அவ்வளவாக எழவில்லை.

இதற்கு எதிர்ப்புறமாக ஒன்றையும் சொல்லவேண்டும். 1944 பிப்ரவரி 24-ஆம் தேதி, இத்தாலியில் மிஞ்ஞானோ என்னும் இடத்தில், மதராஸ் சாப்பர்களைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் தம் ஆட்களுடன் கண்ணிவெடிகளைக் கண்டெடுத்துப் பாதை திறந்துகொண்டிருந்தார். பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவர் அவர். அவர் கூட்டத்தில் ஒருவன் கால் ஒரு கண்ணியின்மேல் பட்டுவிட்டது. மிதித்தபின் வெடிக்கச் சில விநாடிகள் பிடிக்கும் வகை அது. அந்த விநாடிகளுக்குள் சுபேதார் அதன்மேல் குப்புற விழுந்து, வெடியைத் தம் உடம்பில் வாங்கிக்கொண்டார். மற்றவர்கள் பிழைத்தார்கள். அவருக்கு ஜார்ஜ் சிலுவைப் பதக்கம் வழங்கப்பட்டது. அவர் நம் வேதத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் நண்பர்களுக்காக உயிரைக் கொடுப்பதைப் பற்றி நம் ஆண்டவர் கடைசி இராவுணவின்போது சொன்னதை நாம் பிரசங்கத்தில் விளக்க முற்படும்போதெல்லாம் அந்த சுபேதாரின் நினைவே முந்திக்கொண்டு வருகிறது.

முதல் யுத்தத்தில் கடல் கடந்த இந்தியர் 10 லட்சத்துக்கும் மேல். மடிந்தவர் ஏறத்தாழ 74,000. இரண்டாவதில் படையில் சேர்ந்தவர் 25 லட்சம். மடிந்தவர் 87,000-க்கு மேல். இரண்டாம் யுத்தத்தின்போது மலேயாவிலிருந்த நம் தமிழர் பலர் நேதாஜியின் படையில் சேர்ந்து எதிர்ப்பக்கம் நின்றார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.

யுத்தம் முடிந்து வீடு திரும்பியவர்களின் நிலை எல்லைக்கு எல்லை வேறுபட்டது. சொல்தாவுக்குப் பிரெஞ்சு ஓய்வூதியம் உண்டு. அவருக்குப் பின் மனைவிக்கும் உண்டு. 1962 ஆகஸ்டில் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொள்ளவும் வழியிருந்தது. ஆங்கிலேயர் படையில் யுத்த காலத்துக்கு மட்டும் சேர்ந்த பலர் 1946-ஐ ஒட்டிப் படையைக் குறைத்தபோது சிறு தொகையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்; 15 ஆண்டு சேவை இல்லாதவனுக்கு ஓய்வூதியம் இல்லை. வெகுகாலம் கழித்து நம் மாநில அரசு இரண்டாம் யுத்த வீரருக்கும் விதவைகளுக்கும் மாதாந்தர உதவித்தொகை ஏற்படுத்தியது. அதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்!

இறந்தவர்களுக்குள்ளும் இதே வேற்றுமைதான். பிரான்ஸ் 1915-லேயே ஒரு சட்டம் இயற்றி, போரில் மடிந்தவன் பெயருக்கு எதிரே ‘பிரான்சுக்காக இறந்தவன்’ என்று பதியச் செய்தது. புதுவைக் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு எதிர்ப்புறம் நிற்கும் யுத்த நினைவுச் சின்னத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள், 1938-ல் திறக்கப்பட்டது. ஜூலை 14-ஆம் தேதியன்று பழைய சொல்தாக்கள் பதக்கம் அணிந்து அங்கே மலர்வளையம் வைப்பது வழக்கம். ஆங்கிலேயர் பிரான்சிலுள்ள நவ் ஷாப்பேலில் 1927-ல் எழுப்பிய மண்டபத்தில், கல்லறையற்ற இந்திய வீரர் 4,700-க்கும் மேற்பட்டோரின் பெயர்களைப் பொறித்தார்கள். அதே ஆங்கிலேயர் ஈராக்கின் பாஸ்ராவில் எழுப்பிய நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் உண்டு, இந்திய அதிகாரிக்குப் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு இல்லை. இன்ன படையில் ‘மற்றும் இத்தனை இந்தியச் சிப்பாய்கள்’ என்று எண்ணிக்கை மட்டும் போட்டார்கள். காமன்வெல்த் யுத்தக் கல்லறை ஆணையம் 2021-ல் இதைத் தானே ஆராய்ந்து, ஆசியர், ஆப்பிரிக்கர் பல்லாயிரம் பேருக்குச் சமமான மரியாதை அளிக்கப்படவில்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நூறு ஆண்டு தாமதம், என்றாலும் கேட்டது.

திருச்சபை அந்த நாளில் சும்மா இருக்கவில்லை. பாப்பரசர் 15-ஆம் ஆசீர்வாதப்பர் 1915 ஆகஸ்ட் 10-ஆம் தேதி, கல்லறைத் திருநாளில் ஒவ்வொரு குருவும் மூன்று பூசை வைக்கலாம் என்று உத்தரவு அளித்தார். பிணக் குவியலாய்க் கிடந்த ஐரோப்பாவைப் பார்த்து அளித்த உத்தரவு அது. நவம்பர் 2-ஆம் தேதி நாம் மூன்று திருப்பலி நிறைவேற்றுவதை இதுவரை நேர ஒழுங்கென்று மட்டும் எண்ணியவர்கள் இருக்கலாம். அதன் வேர் அந்த யுத்தத்தில் இருக்கிறது. யுத்தத்தையும் அவர் புகழவில்லை. 1917 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அரசுகளுக்கு எழுதிய கடிதத்தில் அதை வீண் படுகொலை என்றே குறிப்பிட்டார். இரு தரப்பும் அவரைக் கோபித்துக்கொண்டன. யுத்தம் ஓய்ந்த நவம்பர் 11-ஆம் தேதியோ தூர்ஸ் நகரப் புனித மார்ட்டினின் திருநாள். அவரும் ஒரு சிப்பாய். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தம் போர்வையை வாளால் இரண்டாக வெட்டிக் கொடுத்துவிட்டு, பிற்பாடு பட்டாளத்தையே விட்டு வந்தவர்.

இந்த ஜூபிலி ஆண்டில் நம் பங்குப் பேரவையோடு கலந்து ஒரு தீர்மானம் செய்திருக்கிறோம். இரு யுத்தங்களுக்கும் போன நம் பங்கின் மைந்தர்களின் பெயர்களைத் திரட்டி, வரும் கல்லறைத் திருநாளின் மூன்றாம் திருப்பலியில் வாசிக்க எண்ணியுள்ளோம். எந்தக் கொடியின் கீழ் போனார் என்று பிரிக்காமல், ஞானஸ்நானம் பெற்ற ஆண்டு வரிசையிலே வாசிக்கப்படும். திரும்பி வந்து நம் கல்லறைத் தோட்டத்திலே துயில்கொள்பவர்களும் அதில் அடங்குவர்.

ஆகையால் வீட்டுப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். சொல்தா குடும்பத்தாரிடம் படைச்சேவைக் கையேடோ, ஓய்வூதியப் புத்தகமோ இருக்கலாம். ஆங்கிலேயர் பக்கம் போனவர் வீட்டில் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டோ மெடலோ இருக்கலாம். முதல் யுத்தத்து வெள்ளி மெடலானால் அதன் விளிம்பைத் துடைத்துப் பாருங்கள். சிப்பாயின் எண்ணும் பெயரும் படையும் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். காகிதம் ஒன்றுமில்லாமல், ‘எங்கள் தாத்தாவின் தம்பி பட்டாளத்துக்குப் போனார், வரவில்லை’ என்ற சொல் மட்டும் இருந்தாலும் போதும். பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லுங்கள், ஞானஸ்நான ஏட்டில் தேடுவது நம் பொறுப்பு. ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் சக்ரீஸ்து அறையில் உபதேசியாரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கப்பட்டிருக்கும். அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு வரையில் பெயர்கள் பெற்றுக்கொள்ளப்படும்.